ஹீட்டர் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

எங்கள் வீட்டு முதல் ஹீட்டர் நான்கே வருடத்தில் ஒழுக ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் குளியலறைத் தரையில் துருநிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. குழாய் மூட்டு ஏதாவது தளர்ந்திருக்கும் என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் மேல்கூட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்தொட்டியே ஓட்டையாகிவிட்டது, இனி இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு காயிலை வெளியே இழுத்தார். விரல் தடிமனுக்கு அதன்மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. "இதுதான் சார் ஆனோடு ராடு. புதுசுல கட்டைவிரல் மொத்தம் இருக்கும். இது கரைஞ்சு ரொம்ப நாளாச்சு. ஒரு தடவையாவது மாத்தியிருந்தா தொட்டி தப்பிச்சிருக்கும்" என்றார்.

அப்படி ஒரு பொருள் அதற்குள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விற்றவர் சொல்லவில்லை, மாட்ட வந்தவரும் சொல்லவில்லை. கூட வந்த கையேட்டில் இருந்தது, ஆனால் நான் அதைப் பிரிக்கவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டாவது ஹீட்டர் வாங்குவதற்கு முன் மூன்று மாதம் இதைப் பற்றியே படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன், சொந்தக்காரர்கள் வீடுகளில் என்ன மாட்டியிருக்கிறார்கள், எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தேன். இப்போது யாராவது "எந்த ஹீட்டர் வாங்கலாம்" என்று கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது "உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி" என்பதைத்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. கெட்டிலின் அடியிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாக அடைத்துக்கொள்வது இதுதான். தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டினால் இந்தப் படிவு இன்னும் வேகமாகச் சேரும். படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி, கடைசியில் அதன் உறை வெடித்துவிடும். கடினத்தன்மையை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று அளக்கிறார்கள். 60 வரை மென்னீர், 120 வரை நடுத்தரம், 180ஐத் தாண்டினால் மிகவும் கடினமான தண்ணீர். டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண் இது இல்லை. அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுகிறது, கடினத்தன்மை என்பது அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பது மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுபவர்கள் நிறைய. சோதனைக் கிட் கிடைக்காவிட்டால், ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் எடுத்து, சாதாரணக் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரை வராமல் தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் உங்கள் தண்ணீர் கடினமானது. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இது ஏன் முதல் கேள்வி என்றால், உள்தொட்டி எதனால் ஆனது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். செம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்ளே கண்ணாடிப் பூச்சு கொடுத்த இரும்பு என்று மூன்று வகை பரவலாக இருக்கின்றன. செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் தொட்டிக்கு அந்தக் குணம் தேவையே இல்லை, காயில்தான் தண்ணீரைச் சூடாக்குகிறது, தொட்டியின் வேலை சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. தண்ணீரில் குளோரைடு அதிகமாக இருந்தால், அதாவது வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீராக இருந்தால், வெல்டிங் செய்த இடங்களில் ஊசித்துளை மாதிரி அரிக்கும். அந்த மாதிரித் தண்ணீருக்குக் கண்ணாடிப் பூச்சுத் தொட்டிதான் பெரும்பாலும் நல்லது. ஆனால் அந்தப் பூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு விரிசல்கள் இருக்கத்தான் செய்யும், அந்த இடங்களில் இரும்பைக் காப்பாற்றுவதற்காகத்தான் ஆனோடு ராடு.

அது செய்யும் வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். மெக்னீசியத்தாலோ அலுமினியத்தாலோ செய்த ஒரு கம்பி அது. இந்த உலோகங்கள் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். தண்ணீருக்குள் இரண்டும் சேர்ந்து இருக்கும்போது அரிப்பு முழுவதும் அந்தக் கம்பிக்குப் போய்விடுகிறது, இரும்பு தப்பிக்கிறது. கம்பி தீர்ந்துபோனால் அடுத்தது தொட்டிதான். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தண்ணீரில் ஆனோடு வேகமாகக் கரையும். வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். தண்ணீரில் இருக்கும் சல்பேட்டும் சில பாக்டீரியாக்களும் மெக்னீசியம் ஆனோடும் சேர்ந்து செய்யும் வேலை அது. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த ஆனோடாக மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். ஹீட்டரையே தூக்கிப் போட வேண்டியதில்லை.

சரி, அடுத்தது எவ்வளவு வெந்நீர் வேண்டும் என்பது. இங்கே கொஞ்சம் கணக்கு போட வேண்டும், கடினமான கணக்கு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேண்டும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2200 கிலோஜூல், அதாவது 0.6 யூனிட் மின்சாரம். 2 கிலோவாட் காயில் இதைச் செய்ய 18 நிமிடம் எடுக்கும், 3 கிலோவாட் என்றால் 12 நிமிடம். அந்த 60 டிகிரி தண்ணீரில் யாரும் அப்படியே குளிப்பதில்லை, விளாவித்தான் குளிக்கிறோம். 25 டிகிரி பச்சைத் தண்ணீரோடு விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அந்த 15 லிட்டர் 35 லிட்டராகிவிடும். இதே 15 லிட்டர், குழாயில் 10 டிகிரியில் தண்ணீர் வரும் குளிரான இடத்தில் 25 லிட்டர்தான் ஆகும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் ஆறு நிமிடம் நின்றால் 48 லிட்டர் போய்விடும். வாளியில் பிடித்துக் குளித்தால் 20, 25 லிட்டர் போதும்.

ஆக "நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு இத்தனை லிட்டர்" என்று ஒரே எண்ணைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கு பேரும் காலை ஏழிலிருந்து எட்டுக்குள் ஷவரில் குளித்துவிட்டுக் கிளம்பும் வீடும், வாளியில் பிடித்து அவரவர் நேரத்துக்குக் குளிக்கும் வீடும் ஒன்றில்லை. ஒருவர் குளித்து முடித்து அடுத்தவர் நுழைவதற்குள் 15 நிமிட இடைவெளி கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் சிறிய தொட்டியே போதும், இல்லாவிட்டால் 25 லிட்டருக்கோ அதற்கு மேலோ போங்கள். படுக்கைவசத்தில் மாட்டும் தொட்டிகளை, மேலே உயரம் குறைவான இடத்தில் வைக்கலாம் என்று வாங்குகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் உயரம் குறைந்த தொட்டியில் புதிதாக நுழையும் பச்சைத் தண்ணீர் சீக்கிரம் கலந்துவிடுவதால், நின்ற வாக்கில் இருக்கும் அதே அளவுத் தொட்டியைவிடக் குறைவாகவே சூடான தண்ணீர் கிடைக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஒரு அளவு கூடுதலாக வாங்குங்கள்.

தொட்டி இல்லாத இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கினால் கரண்ட் பாதியாகக் குறையும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். தண்ணீரைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் எந்த ஹீட்டரிலும் ஒன்றுதான், மின்சாரக் காயில் தனக்குக் கொடுக்கும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதுமாக வெப்பமாக மாற்றிவிடும். இன்ஸ்டன்டில் மிச்சமாவது, தொட்டியில் சும்மா நிற்கும்போது வெளியேறும் சூடு மட்டும்தான். அதனால் தேவைப்படும்போது போட்டு, குளித்ததும் அணைத்துவிடும் வீட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நாள் முழுக்கப் போட்டே வைத்திருக்கும் வீட்டில்தான் தொட்டி வீணடிக்கும். "அணைத்து அணைத்துப் போட்டால் அதிகம் இழுக்கும், போட்டே வைப்பதுதான் சிக்கனம்" என்று சொல்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அது சரியில்லை. தொட்டியின் சூட்டுக்கும் வெளிச்சூட்டுக்கும் வித்தியாசம் அதிகமாக அதிகமாகத்தான் வெப்பம் வேகமாக வெளியேறும், ஆறவிட்ட தொட்டி போட்டே வைத்திருக்கும் தொட்டியைவிட எப்போதும் குறைவாகத்தான் இழக்கும்.

இன்ஸ்டன்ட் விஷயத்தில் உண்மையான கேள்வி, உங்கள் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்து வருகிறது என்பது. 3 கிலோவாட் இன்ஸ்டன்டில் நிமிடத்துக்கு 3 லிட்டர் விட்டால் 14 டிகிரிதான் ஏறும். குழாயில் 25 டிகிரியில் வந்தால் 39 டிகிரி, குளிக்க இதமாக இருக்கும். மலைப்பக்கம் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் இதே மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு ஒரு குளிர்காலம் முழுவதும் தவித்தார்கள். 10 டிகிரியில் வரும் தண்ணீர் 24 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை, குழாயை நூல் மாதிரி திறந்துவைத்து வாளி நிரம்பும்வரை நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை, அதன் சக்தியே அவ்வளவுதான். குளிர்ந்த இடத்தில் ஷவருக்கே நேராகச் சூடாக்கித் தர வேண்டுமானால், 15 டிகிரி தண்ணீரை நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் 40 டிகிரியில் தர 14 கிலோவாட் வேண்டும். வீடு முழுவதற்கும் என்றால் 18, 24 கிலோவாட் என்று போகும், அதற்கு மூன்று ஃபேஸ் இணைப்பும் தடிமனான வயரும் இல்லாமல் முடியாது. கைகழுவும் இடத்துக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் சின்ன இன்ஸ்டன்ட் மிக நல்லது. வெதுவெதுப்பான ஊர்களில் ஒருவர் இருவர் வாளியில் பிடித்துக் குளிப்பதற்கும் போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்பதுதான் என் அனுபவம். இன்னொன்று, இவை தண்ணீர் ஓட்டம் ஒரு அளவுக்கு மேல் இருந்தால்தான் இயங்கும். மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடியில் அழுத்தம் குறைவாக இருப்பதால் சில மாடல்கள் அங்கே ஆன் ஆகவே ஆகாது.

கேஸ் ஹீட்டரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. வேகம் என்று பார்த்தால் அதற்கு இணை கிடையாது, கரண்ட் இல்லாதபோதும் ஓடக்கூடிய மாடல்கள் இருக்கின்றன, நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தும் சின்னக் கருவிகூட 10 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் தருகிறது. ஆனால் அது எரிகிறது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும், அறைக்குள் ஆக்சிஜன் குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். குளிப்பவருக்கு லேசாகத் தலை சுற்றும், வெந்நீரின் சூட்டினால்தான் என்று நினைத்துக்கொள்வார், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. எனக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு பெண் இப்படித்தான் கதவைத் தாழிட்ட குளியலறையில் மயங்கி விழுந்தார். விழுந்த சத்தம் கேட்டு அவருடைய தம்பி கதவை உடைத்ததால் பிழைத்தார்.

1868இல் லண்டனில் பெஞ்சமின் மோகன் என்பவர் முதல் கேஸ் வெந்நீர்க் கருவியைச் செய்து அதற்கு கீசர் என்று பெயர் வைத்தார். ஐஸ்லாந்தில் தரையிலிருந்து பீறிடும் கெய்சிர் என்ற வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்த சொல் அது, நாமும் இன்றுவரை அதைத்தான் சொல்கிறோம். அந்த முதல் கருவியில் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் கிடையாது. அன்றைக்குத் தெரியாமல் விட்டார்கள். இன்றைக்கு எல்லாம் தெரிந்தும் அப்படியே மாட்டுகிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேஸ் வாங்குவதாக இருந்தால் கருவி குளியலறைக்கு வெளியே, காற்று தாராளமாக வரும் இடத்தில் இருக்கட்டும், தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். புகைக்குழாய் வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குப் பக்கத்தில் இல்லாமல் முடிய வேண்டும். எரிவதற்கான காற்றையே வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே தள்ளும் மூடிய அறை வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள். சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, கருவிக்கு மேலே சுவரில் கரி படிந்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். இதற்கெல்லாம் வழி இல்லாத வீடு என்றால் கேஸ் வேண்டாம், வேறு எவ்வளவு வசதி இருந்தாலும் வேண்டாம்.

சோலாரைப் பொறுத்தவரை, மொட்டை மாடி உங்களுடையதாக இருந்து, அங்கே நாள் முழுக்க நிழல் விழாமல் இருந்தால் நான் முதலில் அதைத்தான் சொல்வேன். 2 சதுர மீட்டர் தகடு, நல்ல வெயில் நாளில் 100 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி அளவுக்கு உயர்த்திவிடும். பம்பு கூடத் தேவையில்லை. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அதனால் தொட்டியைத் தகட்டுக்கு மேலே வைத்தால் போதும், தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். இதில் தட்டையான தகடு வைத்த வகை, வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை என்று இரண்டு இருக்கின்றன. கண்ணாடிக் குழாயில் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்று இல்லாததால் சூடு வெளியே போகாது, குளிரிலும் மேகமூட்டத்திலும் அது கொஞ்சம் முந்தும். உடைந்தால் ஒரு குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தட்டைத் தகடு உறுதியானது, வருடக்கணக்கில் உழைக்கும், ஆனால் அதன் மெல்லிய செம்புக் குழாய்கள் கடினத் தண்ணீரில் அடைத்துக்கொள்ளும். அதனால் கடினத் தண்ணீர் என்றால் கண்ணாடிக் குழாய் வகையோ, தகட்டுக்குள் வேறு திரவம் ஓடித் தொட்டித் தண்ணீருக்குச் சூட்டை மாற்றித் தரும் வகையோ நல்லது. தண்ணீர் உறையும் இடங்களில் இப்படி வேறு திரவம் ஓடும் வகை கட்டாயம், அந்தத் திரவத்தில் உறையாமல் தடுக்கும் கிளைகாலும் கலந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே இரவில் குழாய்கள் வெடித்துவிடும்.

தகடு நிலநடுக்கோட்டைப் பார்த்து இருக்க வேண்டும், அதாவது வடக்கு அரைக்கோளத்தில் தெற்கு நோக்கி. சாய்வு அந்த ஊரின் அட்சரேகை அளவுக்கு, முடிந்தால் இன்னும் 10 டிகிரி செங்குத்தாக, ஏனென்றால் நமக்கு வெந்நீர் அதிகம் தேவைப்படும் குளிர்காலத்தில்தான் சூரியன் தாழ்வாகப் போகிறது. தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்துத் தொட்டிக்குள் ஒரு மின்காயிலும் வைத்துக்கொள்வது நல்லது. சோலார் வைத்தவர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை வெயிலைப் பற்றி இல்லை, குழாயைப் பற்றி. மாடியிலிருந்து குளியலறைக்கு 20 மீட்டர் அரை அங்குலக் குழாய் என்றால் அதற்குள் இரண்டரை லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீர் நிற்கும். குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது முதலில் ஓடி வடிந்தாக வேண்டும். குழாய்க்கு மேல் வெப்பக்காப்பு உறை போட்டு, முடிந்தவரை குறுகிய வழியில் இறக்கினால் இந்த எரிச்சல் பாதியாகக் குறையும்.

ஹீட் பம்பு பலருக்கு இன்னும் பழக்கமில்லாத பெயர். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறதே, அதே வேலையை இது சுற்றியுள்ள காற்றை வைத்துச் செய்கிறது. மின்சாரத்தை வெப்பமாக மாற்றாமல், காற்றில் ஏற்கனவே இருக்கும் வெப்பத்தைத் தண்ணீருக்கு நகர்த்த மட்டும் அதைப் பயன்படுத்துவதால், 1 யூனிட் கொடுத்தால் 3 யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். 200 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுபோகச் சாதாரணக் காயிலுக்கு 9 யூனிட்டுக்கு மேல் ஆகும், இதற்கு 3 போதும். ஆனால் இது மெதுவானது, அந்த 200 லிட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகலாம். பெரிய தொட்டி, காற்றோட்டமான இடம், ஃபிரிட்ஜைவிடக் கொஞ்சம் அதிகமான சத்தம், கீழே சொட்டும் தண்ணீருக்கு ஒரு வடிகால், இவையெல்லாம் வேண்டும். காற்று குளிரக் குளிர அதன் திறமையும் குறையும். பெரிய குடும்பம், வருடம் முழுவதும் வெந்நீர் வேண்டும், மாடி கிடையாது என்றால் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வெந்நீர் தொடும் வீட்டுக்கு வேண்டியதில்லை.

வாளியில் போடும் இம்மர்ஷன் ராடைப் பற்றி ஒரே விஷயம்தான். அது ஓடும்போது தண்ணீரைத் தொட்டுப் பார்க்காதீர்கள், ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டுத்தான் கையை விட வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்கவே வேண்டாம்.

எந்த வகை வாங்கினாலும் மாட்டும் நாள் முக்கியம். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு நானே பக்கத்தில் நின்றேன். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும், அதற்குத் தனி வயர் வர வேண்டும், வேறு எதோடும் பகிரக்கூடாது. எர்த் உண்மையில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மூன்று துளை பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. அதோடு 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடி கட்டாயம். காயிலின் உறை வெடித்தால் மின்சாரம் தண்ணீரோடு சேர்ந்து ஷவர் வழியாக வரலாம், அந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றுவது இந்தச் சின்னக் கருவிதான்.

அப்புறம் பிரஷர் வால்வு. தண்ணீர் சூடானால் விரியும், 15 லிட்டர் 25லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 200 மில்லி கூடும். அது வெளியேற வழி வேண்டும். சூடாகும்போது வால்வு கொஞ்சம் சொட்டினால் அது கோளாறு இல்லை. ஒழுகுகிறதே என்று அதன் வாயை அடைத்து வைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து கெட்டுப்போனால் மூடிய அந்தத் தொட்டி வெடிகுண்டுக்குச் சமம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயரமான அடுக்குமாடியிலோ பம்பு வைத்து அழுத்தம் கூட்டிய வீட்டிலோ இருந்தால் தொட்டி எத்தனை பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் என்று வைத்துக்கொள்ளலாம், 8 பார் என்று போட்டிருப்பது அந்த மாதிரி வீடுகளுக்கானது. வெந்நீர் போகும் குழாய் சாதாரண பிவிசியாக இருக்கக்கூடாது, 60 டிகிரியிலேயே அது இளகிவிடும், சிபிவிசியோ அதுபோல் சூடு தாங்கும் வேறொன்றோ வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை எவ்வளவில் வைப்பது என்பதில் எனக்கே கொஞ்ச நாள் குழப்பம் இருந்தது. 60 டிகிரி தண்ணீர் ஐந்து நொடியில் தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும், குழந்தைக்கும் வயதானவருக்கும் அதைவிடச் சீக்கிரம். 50 டிகிரியில் அதற்குச் சில நிமிடம் ஆகும், கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆனால் பெரிய தொட்டியில் நாள்கணக்கில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நின்றால், 20 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்ற கிருமி நன்றாக வளரும், நுரையீரலைத் தாக்கும் கிருமி அது, 60 டிகிரியில்தான் வேகமாக அழிகிறது. அதனால் சோலார், ஹீட் பம்பு மாதிரிப் பெரிய தொட்டிகளை 60க்குச் சூடாக்கி, குழாய்க்கு வரும் முன் பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைத்துத் தரும் மிக்ஸிங் வால்வு வைப்பதுதான் சரி. தினமும் சூடாக்கி அன்றன்றைக்கே காலியாகும் சின்னத் தொட்டிக்கு 50, 55 போதும், படிவும் குறையும்.

நாங்கள் கடைசியில் வாங்கியது கண்ணாடிப் பூச்சுள்ள 25 லிட்டர் தொட்டி, நின்ற வாக்கில் மாட்டும் வகை, 2 கிலோவாட். வாடகை வீடு என்பதால் மாடி எங்களுடையது இல்லை, குளியலறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதனால் சோலாரும் கேஸும் முதலிலேயே போய்விட்டன. தண்ணீரைச் சோதித்தபோது கடினத்தன்மை 300க்கு மேல் காட்டியது, முதல் ஹீட்டர் ஏன் அப்படி ஆனது என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இதை மாட்டி ஒரு வருடம் ஆனதும் அதே பிளம்பரைக் கூப்பிட்டு ஆனோடைக் கழற்றச் சொன்னேன். மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தது. காயிலில் மெல்லிசாகப் படிந்திருந்ததை வினிகரில் ஊறவைத்துத் துடைத்தோம், அடியில் தங்கிய வண்டலைத் திறந்து விட்டோம், எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். தொட்டியின் பக்கவாட்டில் மார்க்கரால் அன்றைய தேதியையும் அதற்குக் கீழே அடுத்த வருடத் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு புது ஆனோடும் வாங்கி அலமாரியில் தயாராக இருக்கிறது.